காலை நீட்டவும் தெரிய வேண்டும்

கர்த்தருக்குள் அன்பான தங்கைக்கு,

அக்கா எழுதுகிறேன். போனில் சொன்னால் "சரிக்கா, சரிக்கா" என்று பேச்சை மாற்றிவிடுவாய். அதனால்தான் கடிதம். உன்னைப் போல ஓடி ஓடி ஊழியம் செய்கிறவர்கள் எல்லாச் சபையிலும் இருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும் என்றுதான் உன் பெயரைப் போடாமல் பொதுவில் எழுதுகிறேன்.

ஆபரேஷன் முடிந்து நீ வீட்டுக்கு வந்ததும் சபையிலிருந்து இரண்டு சகோதரிகள் உதவிக்கு வந்தார்களாம். சின்னவள் பாத்திரம் தேய்க்க ஆரம்பித்தாள். நீ சுவரைப் பிடித்துக்கொண்டே எழுந்து வந்து, நுரையோடு இருந்த பாத்திரத்தை அவள் கையிலிருந்து வாங்கி, "உனக்கு எதுக்கும்மா சிரமம், போய் உட்காரு" என்றாயாம். அம்மா இதை உன் நல்ல குணமாகத்தான் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தப் பெண்ணின் முகம் எப்படி இருந்திருக்கும் என்றுதான் யோசித்தேன்.

யோவான் 13-ஆம் அதிகாரத்தை நீ எத்தனை தரம் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பாய்! ஆண்டவர் சீலையை, அதாவது ஒரு துண்டை, எடுத்து அரையில் கட்டி, பாத்திரத்தில் தண்ணீர் வார்த்து, சீஷர்களின் கால்களைக் கழுவுகிறார். நாம் எப்போதும் அந்தச் சீலையையே பார்க்கிறோம், நாமும் குனிய வேண்டும் என்று முடிவு செய்கிறோம். சரிதான். ஆனால் அங்கே ஒரு மனுஷன் காலை இழுத்துக்கொள்கிறான். "நீர் ஒருக்காலும் என் கால்களைக் கழுவப்படாது" என்கிறான் பேதுரு. கேட்க எவ்வளவு பணிவாக இருக்கிறது! ஆனால் ஆண்டவர் அவனை மெச்சவில்லை. கழுவாவிட்டால் என்னிடத்தில் உனக்குப் பங்கில்லை என்கிறார். அந்த அதிகாரத்திலேயே கடுமையான பதில்களில் ஒன்று, தாழ்மையாகப் பேசினவனுக்குத்தான் கிடைத்தது.

அப்புறம், ஒருவருடைய கால்களை ஒருவர் கழுவுங்கள் என்கிறார். இதை நிறைவேற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் குனிய வேண்டும், இன்னொருவர் காலை நீட்ட வேண்டும். நீ முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டாய்.

ஆண்டவரே இரண்டையும் செய்திருக்கிறார். அதற்கு முந்தின 12-ஆம் அதிகாரத்தைத் திருப்பிப் பார். பஸ்கா பண்டிகைக்கு ஆறு நாளைக்கு முன் பெத்தானியாவுக்கு வருகிறார். அங்கே நடந்த விருந்தில் மரியாள் விலையேறப்பெற்ற நளதம் என்னும் வாசனைத் தைலத்தை அவருடைய பாதங்களில் பூசி, தன் தலைமயிரால் துடைக்கிறாள். அது 300 பணம் பெறும் என்று யூதாஸ் கணக்குப் போடுகிறான். ஆண்டவர் "எனக்கு எதற்கம்மா இதெல்லாம்" என்று காலை இழுத்துக்கொள்ளவில்லை. "இவளை விட்டுவிடு" என்கிறார். தம் காலைத் துடைக்க விட்டவர்தான், சில நாளில் மற்றவர்களின் காலைத் துடைக்கக் குனிந்தார். லூக்கா 8-ஐயும் பார். யோவன்னாள், சூசன்னாள் போன்ற பெண்கள் தங்கள் ஆஸ்தியால் அவருக்கு ஊழியம் செய்துவந்தார்கள். சமாரியப் பெண்ணிடம் அவரே வாய்விட்டுத் தண்ணீர் கேட்டார். இவ்வளவு கேட்டு வாங்கினதால் அவருடைய மகிமை எங்கே குறைந்தது?

பவுலும் சுலபமாக வாங்குகிற ஆள் இல்லை. கொரிந்துவில் கூடாரம் பண்ணிப் பிழைத்தவர், அந்தச் சபைக்குப் பாரமாக இருக்கக்கூடாது என்று பிடிவாதமாக இருந்தவர். அதே பவுல், காவலில் இருக்கும்போது பிலிப்பி சபையார் தங்கள் ஆளான எப்பாப்பிரோதீத்துவின் கையில் அனுப்பினதை வாங்கிக்கொள்கிறார். அது அவர்களுடைய கணக்கில் பலனாகப் பெருகும் என்று எழுதுகிறார். அந்தச் சின்னவளுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது அல்லவா? அவள் ஜெபித்துவிட்டு, பஸ் பிடித்து, உனக்காக வந்தவள்.

கொடுக்கிற கை எப்போதும் மேலேதான் இருக்கும். வருஷக்கணக்காக மேலேயே இருந்த கைக்கு, கீழே வருவது கஷ்டம். உன் மனதில் பெருமை இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. உன்னை எனக்குத் தெரியும். மற்றவர்களுக்குப் பாரமாகிவிடுவோமோ என்ற பயம்தான் உனக்கு. ஆனால் பயமும் பெருமையும் ஒரே வார்த்தையைத்தான் பேசுகின்றன: "எனக்கு யாரும் வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன்." சபை என்பது ஒரே சரீரம் என்று நம்புகிற நாம் அப்படிச் சொல்லலாமா?

வருகிற ஜெபக்கூட்டத்துக்கு உன்னால் போக முடியாது. ஆனாலும் ஒரு ஜெபக்குறிப்பு எழுதி அனுப்பு. எல்லாருடைய குறிப்பையும் நோட்டில் எழுதி வைத்து ஜெபிக்கிறாய், உன் பெயர் அதில் ஒருநாளும் வந்ததில்லை. வலி இருக்கிறது, ராத்திரி தூக்கம் வரவில்லை, இனி பழையபடி நடக்க முடியுமோ என்று பயமாக இருக்கிறது. என்னிடம் சொன்னதை அப்படியே அவர்களுக்கும் எழுது. அழகாக எழுத வேண்டாம்.

அடுத்த மாதம் லீவு போட்டுவிட்டு வருகிறேன். துணி துவைப்பது, வீடு கூட்டுவது எல்லாம் நான்தான். நீ எழுந்திருக்கவே கூடாது.

கர்த்தருக்குள்,
உன் அக்கா