குழுத் தலைவியருக்குப் பயிற்சி தருவோருக்கு ஒரு திறந்த மடல்

மகளிர் திட்டத்தின் வட்டார ஒருங்கிணைப்பாளர்களுக்கும் பயிற்றுநர்களுக்கும் வணக்கம்.

சுய உதவிக் குழுவை நடத்தும் தலைவியான ஊக்குநருக்கும் அவருக்குத் துணையான இரண்டு பிரதிநிதிகளுக்கும் நடக்கும் பயிற்சியில் தலைமை பற்றிய பாடம் வந்தால், பலகையில் மூன்று தலைப்புகள் விழும்: அதிகாரத் தலைமை, ஜனநாயகத் தலைமை, கண்டுகொள்ளாத் தலைமை. முதலாவது கெட்டது, இரண்டாவது நல்லது, மூன்றாவதைப் பேச நேரமிருக்காது. இந்தப் பாகுபாடு அமெரிக்காவின் அயோவாவில் உளவியலாளர் கர்ட் லெவினும் அவருடைய சகாக்களும் பத்து வயதுச் சிறுவர்களை வைத்து நடத்தி, 1939-ல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. அதட்டி வேலை வாங்கியவர் அறையை விட்டுப் போனதும் பையன்கள் வேலையைப் போட்டுவிட்டார்கள். கலந்து பேசியவர் போன பிறகும் வேலை ஓடியது. சரிதான், ஆனால் அந்தப் பையன்களிடம் பாஸ்புக்கும் இல்லை, கட்ட வேண்டிய தவணையும் இல்லை.

குழுவில் ஒரே ஊக்குநர் ஒரே கூட்டத்தில் பல விதமாக நடந்தாக வேண்டும். எந்த இடத்தில் எது என்பதைத்தான் பயிற்சியில் சொல்லித்தர வேண்டும்.

வருகை, சேமிப்பு, தவணை மூன்றிலும் கறார்தான். பணத்தை எல்லார் எதிரிலும் எண்ணி, ரொக்கப் புத்தகத்தில் பேனாவால் எழுதி, மொத்தத்தை உரக்கப் படித்த பிறகே கூட்டம் கலைய வேண்டும். "அடுத்த கூட்டத்துல தர்றேன்க்கா" என்பதைக் காரணம் கேட்காமல் ஒருவருக்கு விட்டால், அடுத்த மாதம் நான்கு பேர் அதையே சொல்வார்கள்.

வங்கிக் கடனைப் பிரிக்கும்போது இதே கறார் குழுவைக் கெடுக்கும். ஆனால் அதைவிடப் பெரிய சிக்கல் சமமாகப் பிரிப்பது. 15 பேர் குழுவுக்கு 3 லட்சம் வந்தால் ஆளுக்கு 20,000. பார்க்க ஜனநாயகம் போலிருக்கும்; உண்மையில் யாரும் முடிவெடுக்கவில்லை, ஊக்குநர் பொல்லாப்பிலிருந்து தப்பித்துக்கொண்டார், அவ்வளவுதான். கறவை மாட்டுக்கு 45,000 தேவைப்படுபவர் மீதி 25,000-ஐ வாரத்தவணைக் கம்பெனியில் அதிக வட்டிக்கு வாங்குவார். பணம் தேவையில்லாதவர் தன் பங்கைப் பக்கத்து வீட்டுக்காரிக்குக் கொடுப்பார். அந்தப் பக்கத்து வீட்டுக்காரி கட்டாமல் விட்டால், பேரேட்டில் ஒரு பெயர், கடனாளி இன்னொருவர். பிறகு குழுவே உடையும்.

பிரிக்கும் முறை கடினமானதல்ல. ஒவ்வொருவரும் தொகை, நோக்கம், மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்ற மூன்றையும் சொல்ல வேண்டும். பிறகு உறுப்பினர்களே வரிசை போட வேண்டும். ஊக்குநர் தன் தேவையைக் கடைசியில் சொல்ல வேண்டும். முதலில் சொன்னால் மற்றவர்கள் தங்கள் தொகையைக் குறைத்துக்கொள்வார்கள். யாருக்கு ஏன் குறைந்தது என்பதும் தீர்மான நோட்டில் ஏற வேண்டும்.

அவசரத்துக்கு வேறு வழி. ஆஸ்பத்திரிச் செலவுக்கு இரவில் கூட்டம் கூட்ட முடியாது. 3,000 ரூபாய் போல ஒரு வரம்பை முன்கூட்டியே தீர்மானமாகப் போட்டுவிட்டால், அதற்குள் கைவசமுள்ள நிதியிலிருந்து ஊக்குநரும் பிரதிநிதிகளும் கொடுத்துவிடலாம். அடுத்த கூட்டத்தில் கணக்கு வைத்தால் போதும்.

கணக்கு எழுதுவதை மட்டும் கை மாற்றிக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள். பல குழுக்களில் எழுதப் படிக்கத் தெரிந்த ஒரே காரணத்தால் ஒருவரே வருடக்கணக்கில் ஊக்குநராக இருக்கிறார். பாஸ்புக் அவர் வீட்டுப் பீரோவில், முன்கூட்டியே கையெழுத்துப் போட்ட பணம் எடுக்கும் படிவங்களும் அதே பீரோவில். அவர் நேர்மையானவராகவே இருக்கலாம். ஆனால் ஊருக்குப் போனாலோ படுத்துக்கொண்டாலோ குழுவும் படுத்துவிடும். ஊக்குநர், இரண்டு பிரதிநிதிகள் என்ற மூவரையும் ஒரே நாளில் மாற்றவும் வேண்டாம், வங்கிக் கையெழுத்து மாறும்வரை கணக்கு முடங்கும். முதலில் ஒரு பிரதிநிதி, ஆறு மாதம் கழித்து அடுத்தவர், அதன் பிறகு ஊக்குநர்.

அடுத்த பயிற்சியில் அந்த மூன்று தலைப்புகளுக்கு ஒதுக்கும் நேரத்தில், பயிற்சிக்கு வந்தவர்களிடம் 3 லட்சத்தைக் கொடுத்ததாக வைத்து, 15 கோரிக்கைச் சீட்டுகளையும் நீட்டிப் பிரிக்கச் சொல்லுங்கள். கோரிக்கைகளின் கூட்டுத்தொகை 5 லட்சமாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
குழுக் கணக்குகளைத் தணிக்கை செய்வோர்