நிழல் விழத்தான் செய்கிறது

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் தஞ்சைப் பெரிய கோயில் பற்றிய கட்டுரை படித்தேன். படங்கள் அருமை, அதில் குறை இல்லை. ஆனால் விமானத்தின், அதாவது கருவறைக் கோபுரத்தின், நிழல் தரையில் விழாது என்று மறுபடியும் போட்டிருக்கிறீர்களே, காலை எட்டு மணிக்கு யாராவது கருவூரார் சன்னதிப் பக்கம் போய் நின்று பார்த்தீர்களா? அந்த நிழலில்தான் சார் நாங்கள் வழக்கமாக உட்காருவோம். உச்சியில் இருப்பது 80 டன் ஒற்றைக்கல் என்பதும் அப்படித்தான், பல துண்டுகளைச் சேர்த்தது என்று ஆய்வாளர்கள் எழுதி எத்தனையோ வருடம் ஆகிறது. பெரிய நந்தியும் ராஜராஜன் வைத்தது இல்லை, நாயக்கர் காலத்தது.

சரி, இந்தக் கதைகளால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். எல்லோரும் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள், கண்ணுக்கு நேரே சுவரில் இருக்கும் கல்வெட்டு எழுத்தை யாரும் பார்ப்பதில்லை. 1880களில் ஹூல்ஷ் என்ற ஜெர்மானியர் அதைப் படித்துச் சொல்கிறவரைக்கும் கரிகாலன் கட்டிய கோயில் என்றுகூட ஊரில் பேசிக்கொண்டிருந்தார்கள். ராஜராஜன் தான் கொடுத்ததை மட்டுமா வெட்டச் சொன்னான்? அக்கன் குந்தவை கொடுத்தது, தன் பெண்டுகள், அதாவது அரசிகள், கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது எல்லாவற்றையும் கல்லில் வெட்டு என்கிறான். விமானத்துக்குக் கலசம் கொடுத்தது 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாள், அதாவது 1010இல். நாள் வரை கணக்கு இருக்கிறது! அப்புறம் தளிச்சேரிப் பெண்டுகள், அதாவது கோயிலில் ஆடும் பெண்கள், 400 பேர். எந்தச் சிறகில் (தெரு வரிசையில்) எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், பெயர் என்ன என்று ஒவ்வொருத்திக்கும் எழுதி, ஆளுக்கு ஒரு பங்கு, பங்குக்கு வருடம் 100 கலம் (அந்தக் கால அளவு) நெல். நம் ரேஷன் கார்டில்கூட இவ்வளவு ஒழுங்காக முகவரி இருக்காது. விளக்கு ஏற்றுகிறவர், குடை பிடிக்கிறவர், தையல்காரர், நாவிதர் என்று அந்தப் பட்டியல் நீள்கிறது, கோயில் கட்டிய தலைமைச் சிற்பி, பெருந்தச்சன் குஞ்சரமல்லன் பெயரும் கல்லில் இருக்கிறது. ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஒரு நாவிதருக்கு என்ன சம்பளம் என்று சொல்லும் சுவர் வேறு எங்கே கிடைக்கும்? அதன் மேல் சாய்ந்துகொண்டு செல்ஃபி எடுக்கிறோம்.

ஒரு வழிகாட்டியிடம் இதைக் கேட்டேன், "ஜனங்களுக்கு நிழல் கதைதான் சார் பிடிக்கும்" என்றார். பத்திரிகையும் அதையே சொன்னால் அவரை என்ன சொல்வது?

அடுத்த முறை புகைப்படக்காரரை அனுப்பும்போது கேமராவைக் கொஞ்சம் கீழே இறக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். சாய்வெயில் நேரத்தில் போனால் எழுத்து நன்றாகத் தெரியும்.

இப்படிக்கு,
தஞ்சாவூர் வாசகர் ஒருவர்