கலரைப் பார்த்து காளான் பறிக்கச் சொல்லாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். போன ஞாயிறு இணைப்புல விஷக் காளான் பத்தி ஒரு முழுப் பக்கம் வந்துச்சு, போட்டோ எல்லாம் சூப்பர், ஆனா கீழ பாக்ஸ்ல கொடுத்திருந்த டிப்ஸைப் படிச்சதும் வயித்துல புளியைக் கரைச்சுது. கலரா இருந்தா விஷமாம், வெள்ளையா இருந்தா பயமில்லையாம், டவுட்டா இருந்தா வெள்ளி ஸ்பூனைப் போட்டு கொதிக்க வச்சு கறுக்குதான்னு பாக்கணுமாம். வெள்ளி கந்தகம் பட்டா கறுக்கும், முட்டை பட்டாக்கூட கறுக்கும், காளான் விஷத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.

நீங்க பெருசா போட்டிருந்தீங்களே, சிவப்புக் குடை, மேல வெள்ளைப் புள்ளி, அமானிடா மஸ்காரியா, அது எங்க நீலகிரி பைன் தோட்டத்துலயும் முளைக்குது. விஷம்தான், இல்லைன்னு சொல்லல, தின்னா வாந்தி, பிதற்றல், மயக்கம்னு ஆளை ஒரு வழி பண்ணிரும், ஆனா உயிர் போறது அபூர்வம். அந்தப் புள்ளி மொட்டா இருக்கப்ப மேல மூடியிருந்த சவ்வு கிழிஞ்சு ஒட்டிக்கிட்ட துணுக்கு, நல்ல மழை ரெண்டு அடிச்சா கழுவிட்டுப் போயிரும், சிவப்பும் வெளுத்து ஆரஞ்சாயிரும், அப்புறம் உங்க போட்டோவை கையில வச்சுக்கிட்டு என்னத்தைக் கண்டுபிடிக்கிறது? இதே அமானிடா வகையிலயே இத்தாலிக்காரங்க ஆசையா சாப்பிடற சீசர் காளானும் நல்ல ஆரஞ்சு சிவப்புதான்.

ஆளைக் கொல்றது பெரும்பாலும் கலரே இல்லாத ஜாதி. டெத் கேப்னு சொல்றது வெளிறின பச்சை, சிலது வெள்ளையாவே இருக்கும், வாசனையும் ருசியும் நல்லாதான் இருந்துச்சுன்னு பிழைச்சவங்களே சொல்லியிருக்காங்க. 2023 ஜூலைல ஆஸ்திரேலியாவுல லியோங்காதாங்கற ஊர்ல ஒரு மதிய விருந்துல 3 பேர் செத்தது இதாலதான். நம்ம நாட்டுல 2022 ஏப்ரல்ல அஸ்ஸாம்ல காட்டுக் காளான் சாப்பிட்டு 13 பேர் போனாங்க, அதுல முக்கால்வாசி தேயிலைத் தோட்டத்து ஜனங்க. தேயிலை மலையில இருக்கற எங்களுக்கு அந்த நியூஸ் எப்படி இருந்திருக்கும்னு நினைச்சுப் பாருங்க.

இதுல மோசம் என்னன்னா நேரம். சாப்பிட்டு 6 மணி நேரம், 12 மணி நேரம் வரைக்கும் ஒண்ணுமே தெரியாது, அப்புறம் வாந்தி பேதி, அதுக்கு அடுத்த நாள் தானா தேறின மாதிரி இருக்கும், சரி ஆயிடுச்சுன்னு வீட்டுக்கு வந்துருவாங்க, உள்ள ஈரல் போயிட்டிருக்கும். வேகவச்சாலும் காயவச்சாலும் அந்த விஷம் போகாது. லேட்டா வாந்தி வந்தாதான் ஜாஸ்தி பயப்படணும், மிச்சக் காளானையும் கையோட எடுத்துட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடணும், இதை உங்க பாக்ஸ்ல ஒரு வரி கூட காணோம்!

பார்க்க வேண்டியது வேற சார். மேலாக ஒடிக்காம மண்ணோட தோண்டி எடுத்தாதான் அடியில பை மாதிரி உறை இருக்கான்னு தெரியும். குடையை ராத்திரி ஒரு பேப்பர் மேல கவுத்து வச்சா காலைல காளானோட வித்துத் தூள் படிஞ்சிருக்கும், டெத் கேப்னா வெள்ளை, நம்ம சாப்பிடற வைக்கோல் காளான்னா இளஞ்சிவப்பு, ரெண்டுக்குமே அடியில உறை உண்டு, அதனாலதான் வெளிநாட்டுல போய் செட்டில் ஆன ஆசியக்காரங்க அங்க டெத் கேப்பை வைக்கோல் காளான்னு நினைச்சு பறிச்சு ஏமாந்திருக்காங்க. புல்தரையில மழைக்கப்புறம் பெரிய வெள்ளைக் குடையா பிரவுன் செதிலோட வருமே, அதோட தூள் பச்சையா இருக்கும், தின்னா ரெண்டு மூணு மணி நேரத்துல வாந்தி பேதி பின்னி எடுத்துரும். இவ்வளவு பார்த்தாலும் சாப்பிடலாம்னு கேரண்டி கிடையாது, மார்க்கெட்ல சிப்பிக் காளானும் பால் காளானும் தாராளமா கிடைக்குது, அதை வாங்கிக்கலாம்.

அடுத்த ஞாயிறே அதே பக்கத்துல அதே சைஸ்ல திருத்தம் போடுங்க, மூலையில ரெண்டு வரி போட்டு முடிச்சிராதீங்க. இந்தத் தடவை வெள்ளைக் காளானை வேரடியோட தோண்டி எடுத்த போட்டோ போடுங்க, அழகா இல்லாட்டியும் பரவாயில்ல.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கோத்தகிரி