அடுத்த வாசிப்பு: எர்த்ஸீ

வணக்கம் நண்பர்களே. நம்ம பட்டியலில் ரொம்ப நாளாகக் காத்துக் கிடக்கும் அமெரிக்க எழுத்தாளர் அர்சுலா லெ குவினின் எர்த்ஸீ என்ற மாயாஜால நாவல் வரிசையை இந்த மாதம் தொடங்கலாம். முதல் நாவல் (A Wizard of Earthsea) 1968-இல் வந்தது, பத்தே அத்தியாயம். மற்றவற்றைப் பிறகு பார்ப்போம்.

எல்லாம் தீவுகளான உலகம். ஒரு பொருளின் மெய்ப்பெயர் தெரிந்தவருக்கு அது கட்டுப்படும். அதனால் ஆட்கள் தங்கள் மெய்ப்பெயரை உயிருக்கு உயிரானவர்களிடம் மட்டுமே சொல்வார்கள். அப்படி ஒருவர் தன் பெயரைச் சொல்லும் இடங்களில் எனக்குத் தொண்டை அடைத்துவிடும்.

இரண்டாம் அத்தியாயத்தை நிதானமாகப் படியுங்கள். ஓஜியன் பெரிய மந்திரவாதி. ஆனாலும் மழை வந்தால் அதை விரட்டமாட்டார், பேசாமல் ஒரு மரத்தடியில் படுத்துக்கொள்வார். கூடவே நனையும் அவருடைய சீடன், கதையின் நாயகனான சிறுவன் கெட் (Ged) என்பவனுக்கு அது புரியாது, எரிச்சல்தான் வரும். கதையின் வேர் அங்கேதான் இருக்கிறது.

இன்னொன்று: கெட் செம்பழுப்பு நிறத்தவன். பழைய அட்டைகள் பலவற்றில் அவனை வெள்ளையாக வரைந்துவிட்டார்கள். லெ குவினுக்கு அதில் கடைசிவரை வருத்தம். அட்டையை நம்பாமல் வரிகளை நம்புங்கள்.

ஞாயிறு மாலைக்குள் நான்கு அத்தியாயம் முடித்துவிடுங்கள். முன்னாடியே படித்தவர்கள் கதையில் வரும் நிழல் யாரென்று தயவுசெய்து இங்கே சொல்லிவிடாதீர்கள்.