விளக்கைக் கத்திரி வெயிலில் சோதியுங்கள்: சாலைப் பாதுகாப்புக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுக்களின் தலைவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் ஷூ கம்பெனி விட்டதும் பெண்கள் டிபன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையைக் கடக்கிறார்கள். முதல் பாதியை ஓடிக் கடந்துவிடுவார்கள். பிறகு மீடியன் ஓரத்தில், எதிர்ப்பக்கத்து லாரிகள் ஓயும்வரை அசையாமல் நிற்பார்கள். கறுப்பு புர்காவும் அடர்நிறப் புடவையும் ஹெட்லைட் வெளிச்சத்தை விழுங்கிவிடும். 80 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி நொடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. ஓட்டுநர் பார்த்து, பிரேக் மிதித்து, வண்டி நிற்க ஏறக்குறைய 80 மீட்டர் வேண்டும். டிம் லைட்டில் அவ்வளவு தூரத்தில் அந்தப் பெண் தெரிவதில்லை.

ஆனால் மனிதத் தோல் 33 டிகிரி சூட்டில் கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிரை, அதாவது அகச்சிவப்புக் கதிரை, எந்நேரமும் வீசிக்கொண்டே இருக்கிறது. துணி என்ன நிறமாக இருந்தாலும் சரி. வெப்பக் கேமரா அதைப் பார்த்து, ஆள் நிற்கும் இடத்தில் மட்டும் எல்.இ.டி. விளக்கைக் கூட்ட முடியும். பி.எம்.டபிள்யூ போன்ற விலையுயர்ந்த கார்களில், ஆளை வெப்பத்தால் கண்டு ஹெட்லைட்டால் காட்டும் ஏற்பாடு பத்தாண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது. அதைத் தெருவிளக்குக் கம்பத்தில் வையுங்கள் என்கிறேன். பழைய சோடியம் விளக்கு முழு வெளிச்சத்துக்கு வரச் சில நிமிடம் பிடிக்கும், எல்.இ.டி. உடனே எரியும்.

டெண்டரில் ‘சென்சார் லைட்’ என்று மட்டும் போட்டால் ஆள் நகர்ந்தால் விளக்கை எரியவைக்கும், மாடிப்படியில் மாட்டும் பி.ஐ.ஆர். சென்சார்தான் வந்து சேரும். நான் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன். ஜனவரியில் நன்றாக எரிந்த பி.ஐ.ஆர். விளக்கைக் கோடைதோறும் யாராவது திருப்பிக்கொண்டு வருகிறார்கள். பெரும்பாலும் பொருளில் பழுதிருக்காது. உடம்புக்கும் சுற்றுப்புறத்துக்கும் உள்ள சூட்டு வேறுபாடு நகரும்போதுதான் அது உணரும். கத்திரியில் இரவு எட்டு மணிக்கும் நம் தார் ரோடும் சுவரும் அனல் கக்குகின்றன, வேறுபாடு கரைந்துபோகிறது. அசையாத ஆளை அது அறியவே அறியாது. மீடியனில் ஒரு பெண் காத்து நிற்கும்போதுதான் விளக்கு அணையும். இதைவிட மோசமான இடத்தில் அது அணைய முடியாது.

சூட்டைப் புள்ளி புள்ளியாக அளந்து படமாக்கும் மைக்ரோபோலோமீட்டர் வகை வெப்பக் கேமரா நிற்கிறவரையும் பார்க்கும். நல்ல கருவி பத்தில் ஒரு டிகிரி வேறுபாட்டையும் பிரித்துக் காட்டும். அதிலும் நம் ஊருக்கென்று ஒரு சிக்கல் உண்டு. சாயங்காலத்தில் தார் 40 டிகிரியைத் தாண்டி நிற்கும்போது மனிதர் அதைவிடக் குளிர்ந்தவர். படத்தில் வெளிறிய ரோட்டின்மேல் கரிய உருவமாகத் தெரிவார். ரோடு ஆற ஆற, இரண்டும் சமமாகிற ஒரு நேரம் வரும். ‘சூடாக இருப்பதே மனிதர்’ என்று குளிர்நாட்டுக்காக எழுதிய மென்பொருள் இங்கே ஆளைக் கோட்டைவிடும். ஆகவே சூடோ குளிர்ச்சியோ, வேறுபாட்டைத் தேடச் சொல்லுங்கள். சந்தேகம் வந்தால் முழு வெளிச்சம் வரட்டும். யாருமில்லாத நேரத்திலும் விளக்கு மங்கலாம், அணையக் கூடாது. வெளிச்சம் வண்டி வரும் திசையிலிருந்து ஆள்மேல் விழ வேண்டும், ஓட்டுநர் கண்ணில் அல்ல.

கேமராவுக்குச் சாதாரணக் கண்ணாடி மூடி போட்டுவிடாதீர்கள். உடம்பு வீசும் அகச்சிவப்புக் கதிர் அதன்வழியே போகாது. லென்ஸை ஜெர்மானியம் என்ற தனிமத்தில் செய்வதும் அதனால்தான். லாரிப் புழுதியைத் துடைக்கவும் ஆள் வேண்டும்.

குறைந்த புள்ளிகள் கொண்ட வெப்பப் படத்தில் ஆள் இருப்பது தெரியும், யார் என்று தெரியாது. பெண்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

திருப்பத்தூர் குழுவுக்கு ஒரு வார்த்தை. காவலூர் வானாய்வகத்தில் 1986 முதல் 2.3 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி இயங்குகிறது. விடிய விடிய முழு வெளிச்சத்தில் எரியும் விளக்குகள் ஜவ்வாது மலை வானத்தை வெளுக்கச் செய்கின்றன. தேவைப்படும்போது மட்டும் கூடும் விளக்கு அதற்கும் நல்லது.

முதலில் ஒரே ஒரு கடவையில் செய்து பாருங்கள். மே மாதத்தில், மாலை ஆறிலிருந்து இரவு பத்துவரை, கம்பெனி விடும் நேரம் உட்படச் சோதியுங்கள். ஜனவரியில் நடத்திக் காட்டும் செயல்விளக்கத்தை ஏற்காதீர்கள். எத்தனை பேர் கடந்தார்கள், எத்தனை பேரைக் கருவி தவறவிட்டது என்ற கணக்கைத் தமிழில் அந்தக் கம்பெனி வாசல்களில் ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
ஆம்பூர் கடைக்காரர் ஒருவர்