பல் கூச்சத்துக்கு நாலு நாள் போதாது

அன்பு மகளுக்கு,

நேற்றுப் போனில் பேசிக்கொண்டே தண்ணீர் குடித்தவள், "ஸ்ஸ்" என்று இழுத்தாயே, அந்தச் சத்தம் இன்னும் காதிலேயே நிற்கிறது. கூச்சத்துக்கான பேஸ்ட்டை நாலு நாள் தேய்த்தும் பலன் இல்லை, எல்லாம் வெறும் விளம்பரம் என்றாய். அதைத் தூக்கிப் போட்டுவிடாதே அம்மா. டப்பாவில் இருப்பதாக நீ படித்துக் காட்டியது பொட்டாசியம் நைட்ரேட். அது நாலு நாளில் கேட்கிற மருந்தே இல்லை.

பல்லின் கெட்டியான மேல் ஓடான எனாமல் தேய்ந்தாலோ, ஈறு இறங்கி வேர் வெளியே தெரிந்தாலோ, அடியில் இருக்கும் டென்டின் என்ற அடுக்கு வெளிப்பட்டுவிடும். அதில் கண்ணுக்குத் தெரியாத குழாய்கள் ஆயிரக்கணக்கில் உண்டு, உள்ளே திரவத்தோடு. சில்லென்று எதாவது பட்டால் அந்தத் திரவம் நகரும். நரம்பு சுண்டி இழுக்கும். 1960களில் பிரான்ஸ்ட்ரோம் என்ற ஸ்வீடன் ஆய்வாளர் விரிவாகச் சொன்ன விளக்கம் இது. என் பல் டாக்டர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டிய பிறகுதான் எனக்கே புரிந்தது.

பொட்டாசியம் அந்த நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அடக்கும். அதற்கு இரண்டிலிருந்து நாலு வாரம் ஆகும், அதுவும் காலையும் இரவும் விடாமல் தேய்த்தால். ஸ்டானஸ் ஃப்ளோரைடு, ஆர்ஜினைன் உள்ள பேஸ்ட்டுகளின் வேலை வேறு. அவை குழாய்களின் வாயை அடைத்துவிடும். சிலருக்கு அவற்றில் சீக்கிரமே குறைகிறது. ஒரு மாதம் பார்த்தும் உன்னிடம் இருக்கும் பொட்டாசியம் பேஸ்ட் கேட்கவில்லை என்றால் அந்த வகைக்கு மாறு. எதுவானாலும் நிறுத்தினால் கூச்சம் மெல்லத் திரும்பிவிடும். முழுசாகப் போய்விடும் என்றும் நினைக்காதே. பாதி குறைந்தாலே நிம்மதியாகத் தண்ணீர் குடிக்கலாம்.

தேய்த்ததும் துப்பு, வாயைக் கொப்பளித்துக் கழுவிவிடாதே. மருந்து கொஞ்ச நேரம் பல்லில் இருக்கட்டும். பிரஷ் மிருதுவாக இருக்கட்டும். சின்ன வயதிலிருந்தே நீ அழுத்தித் தேய்ப்பவள், அப்போதே நான் தடுத்திருக்க வேண்டும். பல் வெளுக்கிற பேஸ்ட்டை இப்போதைக்கு ஒதுக்கி வை, அவற்றில் சில பல்லை அதிகமாகத் தேய்க்கும்.

ஒரு விஷயம் மட்டும் எனக்குப் பயமாக இருக்கிறது. இதே பேஸ்ட்டை நம்பி நான் இரண்டு மாதம் ஓட்டினேன். கடைசியில் பார்த்தால் அது கூச்சமே இல்லை, ஒரே ஒரு பல்லில் ஆழமான சொத்தை. வேர் சிகிச்சை வரை போய்விட்டது. கூச்சம் என்றால் சில்லென்று பட்டதும் சுரீர் என்று வரும், உடனே போய்விடும். குளிர்ச்சி போன பிறகும் வலி நின்றாலோ, கடிக்கும்போது வலித்தாலோ, ராத்திரி தானாக வலித்து எழுப்பினாலோ பேஸ்ட்டால் ஆகாது. டாக்டரிடம் போ.

நீ இடது பக்கம் கீழே என்று சொன்னாய். அங்கே பல பல்லா, ஒரே பல்லா? ஒவ்வொன்றாகப் பார்த்து இன்றைக்கே சொல்.

அன்புடன்,
அப்பா