பட்டச் சான்றிதழ் தாமதம் குறித்த கோரிக்கை மனு

அனுப்புநர்: முதுநிலைப் பட்டதாரி ஒருவரின் தந்தை, விழுப்புரம் மாவட்டம்.

பெறுநர்: அரசுச் செயலாளர் அவர்கள், உயர்கல்வித் துறை, தலைமைச் செயலகம், சென்னை - 600 009.

நாள்: 12.09.2024

பொருள்: மாநிலப் பல்கலைக்கழகங்களில் பட்டச் சான்றிதழ் 180 நாட்களுக்குள் கிடைக்கச் செய்ய வேண்டுதல்.

ஐயா,

வணக்கம். என் மகள் அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றின் இணைப்புக் கல்லூரியில் எம்.எஸ்சி. வேதியியல் படித்து, 2023 ஜூனில் தேர்ச்சி பெற்றாள். பட்டம் இன்னும் கைக்கு வரவில்லை. தற்காலிகச் சான்றிதழை வைத்துக்கொண்டுதான் நேர்காணல்களுக்குப் போய் வருகிறாள்.

மூன்று முறை நேரில் போனேன். முதல் முறை, பட்டமளிப்பு விழா நடக்கவில்லை என்றார்கள். அடுத்த முறை, விழாவுக்குக் காத்திருக்க வேண்டாம், பணம் கட்டுங்கள் என்றார்கள், கட்டினேன். மூன்றாம் முறை, அந்த செக்சன்காரர் இன்னொரு செக்சனையும் சேர்த்துப் பார்ப்பதால் மதியத்துக்கு மேல்தான் வருவார் என்று ஜன்னலில் சொன்னார்கள். நாலரை மணி வரை உட்கார்ந்திருந்தேன். அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அவர் மேஜையில் இருந்த கட்டுகள் இரண்டு ஆள் வேலை. தரமதிப்பீடு செய்யும் நாக் (NAAC) குழு வரும்போது சுவருக்கு அடிக்கப் பெயின்ட் கிடைக்கிறது, செக்சனுக்கு ஆள்தான் கிடைப்பதில்லை.

பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2008ஆம் ஆண்டு விதிமுறைப்படி, மாணவர் பட்டத்துக்குத் தகுதி பெறும் நாளிலிருந்து 180 நாட்களுக்குள் பட்டம் வழங்க வேண்டும். என் மகளுக்கு அந்தக் கெடு போன டிசம்பரிலேயே முடிந்துவிட்டது.

துணைவேந்தர் இல்லாததும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. பாரதியார் பல்கலைக்கழகத்தில் 2022 அக்டோபரிலிருந்தும், சென்னைப் பல்கலைக்கழகத்தில் 2023 ஆகஸ்டிலிருந்தும் அந்த இடம் காலி. துணைவேந்தர் பதவிக்குப் பெயர்களைப் பரிந்துரைக்கும் தேடுதல் குழுவில் யு.ஜி.சி. பிரதிநிதி வேண்டுமா என்ற ஆளுநர் - அரசு தகராறு தீரும்போது தீரட்டும். நிர்வாகத்தை நடத்தக் குழு இருக்கிறதே, சான்றிதழுக்குக் கையெழுத்துப் போட அது போதாதா?

ஆகவே, பணம் கட்டும் ரசீதிலேயே சான்றிதழ் தரும் தேதியை எழுதித் தரவும், அந்தத் தேதி தவறினால் பதில் சொல்ல வேண்டிய அலுவலரின் பதவியை அதில் குறிப்பிடவும் எல்லா மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கும் உத்தரவிட வேண்டுகிறேன். 180 நாள் தாண்டிய விண்ணப்பங்களின் எண்ணிக்கையை மாதாமாதம் தங்கள் துறை கேட்டு வாங்கினாலே பாதி வேலை நடந்துவிடும். தேர்வுப் பிரிவின் காலியிடங்களையும் நிரப்பித் தர வேண்டும்.

பல்கலைக்கழகத்தின் பெயரும் விண்ணப்ப எண்ணும் தனி உறையில் உள்ளன.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)

இணைப்பு: பணம் கட்டிய ரசீது, தற்காலிகச் சான்றிதழ் நகல்கள்.